பழைய டிவி கேமை கையடக்க கேமா மாத்துறது எப்படி

தொண்ணூறுகள்லயோ ரெண்டாயிரத்தோட ஆரம்பத்துலயோ ஸ்கூல் படிச்சவங்க வீட்டு பரண்ல அனேகமா ஒண்ணு கெடக்கும், டிவி கேம்னு சொல்லுவோமே அதுதான், கேசட்டை மேல சொருகி ஆன் பண்ணா "9999 இன் 1"னு பெருசா காட்டும், உள்ள போய் பாத்தா அதே மாரியோ, அதே கான்ட்ரா, அதே ரோடு ஃபைட்டர் வேற வேற லெவல்ல இருந்து திரும்ப திரும்ப வந்துட்டே இருக்கும். இந்த பெட்டிய காயலான் கடைக்கு போடாம, ஒரு சின்ன ஸ்கிரீனும் ஒரு பேட்டரியும் வச்சு பஸ்ல உக்காந்து ஆடுற மாதிரி கையடக்கமா மாத்தலாம். எப்படின்னு முழுசா எழுதுறேன், கொஞ்சம் நீளமாதான் போகும்.

ஃபோன்லயே எமுலேட்டர் (பழைய மெஷின் மாதிரி நடிக்கற ஆப்) போட்டா இதே கேம் எல்லாம் வருமேன்னு கேப்பீங்க. வரும். நல்லாவும் வரும். ராஸ்பெர்ரி பைங்கற சின்ன கம்ப்யூட்டர் போர்டு வச்சும் பண்ணலாம். ஆனா அந்த பழைய போர்டே ஓடணும், அந்த கேசட்டையே சொருகணும், அந்த ரப்பர் பட்டனையே அமுக்கணும்னு ஆசை இருக்கறவங்களுக்குத்தான் இது, மத்தவங்களுக்கு டைம் வேஸ்ட்.

இன்னொண்ணு முதல்லயே சொல்லிடறேன். இது கேம் வேலைன்னு நெனச்சு உக்காந்தீங்கன்னா ஏமாந்துருவீங்க, இது முக்காவாசி கரண்ட் வேலை. போர்டுக்கு சரியான வோல்ட்டு சுத்தமா போச்சுன்னா மத்ததெல்லாம் தானா ஓடும். அதனால கரண்ட் பத்திதான் இதுல அதிகமா எழுதிருக்கேன்.

உங்ககிட்ட இருக்கறது எந்த வகை போர்டு

1983ல ஜப்பான்ல நின்டெண்டோ விட்ட ஃபேமிகாம்ங்கற மெஷினோட காப்பிதான் நம்ம ஊர்ல வித்த டிவி கேம் பெரும்பாலும். ஒரிஜினல்ல ரிக்கோ கம்பெனி பண்ண ரெண்டு பெரிய சிப் இருக்கும், ஒண்ணு கணக்கு போடுறதும் சத்தமும், இன்னொண்ணு படத்துக்கு. தைவான் காப்பிகள்லயும் முதல்ல அதே கதைதான், திறந்தீங்கன்னா 40 கால் உள்ள ரெண்டு நீள சிப்பும், பக்கத்துல 24 கால் உள்ள ரெண்டு மெமரி சிப்பும் இருக்கும். அப்புறம் வந்ததுல இது எல்லாத்தையும் ஒரே சிப்புக்குள்ள அடக்கி, அந்த சிப் மேல கருப்பு பிசினை ஊத்தி பொட்டு மாதிரி மூடி வச்சிருப்பாங்க. நமக்கு வேண்டியது இந்த ரெண்டாவது வகை. போர்டு சின்னது, கரண்ட் கம்மியா குடிக்கும், சூடும் ஆகாது. பெரிய சிப் வகைய கையடக்கமா பண்ணக்கூடாதுன்னு இல்ல, ஆனா அது செங்கல் சைஸ்ல வரும், பேட்டரியும் சீக்கிரம் காலியாகும். அதோட அதெல்லாம் இப்ப கெடைக்கறதே கஷ்டம், ஓடுற நிலைமைல இருந்தா தயவு செஞ்சு வெட்டாதீங்க, அப்படியே டிவில போட்டு ஆடுங்க.

கம்ப்யூட்டர் கீபோர்டு மாதிரி உடம்போட வந்துச்சே ஒண்ணு, டைப்பிங் எல்லாம் சொல்லித்தரும், அது உள்ளயும் இதே கருப்பு பொட்டுதான். பாக்க பெருசா இருக்கும், திறந்தா முக்காவாசி காத்துதான். அந்த கீபோர்டை விட்டுட்டு போர்டை மட்டும் எடுத்துக்கலாம், கேசட் கேம் ஆட கீபோர்டு தேவையில்ல.

வாங்கறதுக்கு முன்னாடி பின்னாடி பக்கம் பாருங்க. மஞ்ச பின் சொருகற ஏவி ஓட்டை இருக்கணும். வெறும் ஆன்டெனா ஓட்டை மட்டும் இருக்கற மாடலை விட்ருங்க, அதுல படத்தை தனியா எடுக்கறது புதுசா பண்றவங்களுக்கு தலைவலி. சென்னைல இருக்கறவங்க ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு ரவுண்டு அடிச்சா கீழ சொல்ற சாமான் எல்லாமே ஒரே நாள்ல முடிஞ்சிரும், மத்த ஊர்க்காரங்க ஆன்லைன்ல வாங்கிக்கலாம்.

வேண்டிய சாமான்

டிவி கேம் போர்டு, அதோட ஒரு ரிமோட், கார் ரிவர்ஸ் கேமராக்கு வைப்பாங்களே அந்த சின்ன மானிட்டர், 18650ங்கற உருளை வடிவ லித்தியம் செல் ஒண்ணும் அதுக்கு ஹோல்டரும், டிபி4056 சார்ஜிங் போர்டு, எம்டி3608 பூஸ்ட் போர்டு (வோல்ட்டை ஏத்தி குடுக்கறது) ரெண்டு, பிஏஎம்8403 ஆம்ப்ளிஃபயர் போர்டு, 8 ஓம் ஸ்பீக்கர் சின்னதா ஒண்ணு, சுவிட்ச், வால்யூம் திருகு, 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு ரெண்டு, மெல்லிசு வயர். கருவின்னு பாத்தா சால்டரிங் அயர்ன், ஈயம், ஈயம் நல்லா ஒட்ட தடவுற ஃப்ளக்ஸ், அப்புறம் மல்டிமீட்டர். மல்டிமீட்டர் இல்லாம இந்த வேலைய தொடவே தொடாதீங்க, விலை கம்மியான மஞ்ச கலர் மீட்டரே போதும், ஆனா கன்டின்யூட்டி (ரெண்டு முனையும் சேந்திருக்கான்னு) பாத்தா பீப் அடிக்கற மாதிரி வாங்குங்க.

மானிட்டர் விஷயத்துல எல்லாரும் 4.3 இன்ச் பக்கம் போவாங்க, பெருசா இருக்குன்னு. என்ன கேட்டா 3.5 இன்ச்தான் சரி. காரணம் இருக்கு. இந்த கேம் படம் போடுறது 256க்கு 240 புள்ளில, பழைய டிவியோட 4:3 வடிவத்துக்கு. 4.3 இன்ச் மானிட்டர் அகலமானது, 16:9, அதுல மாரியோ நல்லா சாப்பிட்டு குண்டான மாதிரி தெரிவாரு. 3.5 இன்ச்ல பெரும்பாலும் 4:3 பேனல் வரும், படமும் அளவா இருக்கும், பெட்டியும் சின்னதாகும்.

முதல்ல டேபிள் மேல

பெட்டி செய்யறது, ஓட்டை போடுறது எல்லாம் கடைசி. முதல்ல எல்லாத்தையும் டேபிள் மேல பரப்பி, வயரோட ஓட வைக்கணும்.

போர்டை கழட்டறதுக்கு முன்னாடி டிவில மாட்டி ஓடுதான்னு பாருங்க. கேசட் கால்கள்ல பச்சை பிடிச்சிருந்தா ஐசோப்ரோபைல் ஆல்கஹாலை பஞ்சுல தொட்டு துடைங்க. வாயால ஊதுறது எல்லாருக்கும் பழக்கம்தான், ஆனா எச்சில் ஈரம்தான் அந்த செம்புக்கு எதிரி. ஓடுச்சுன்னா திருப்பி ஸ்குரூ கழட்டி, போர்டை வெளிய எடுத்து, மறுபடி அடாப்டரை சொருகி ஆன் பண்ணுங்க. இப்பதான் மீட்டருக்கு வேலை.

போர்டுல மூணு கால் உள்ள ஒரு ரெகுலேட்டர் (வோல்ட்டை ஒரே அளவுல நிறுத்தறது) நிக்கும், சில சமயம் அலுமினிய தகடு கூட இருக்கும், அது மேல 7805னு எழுதிருக்கும். எழுத்து உங்களை பாக்கற மாதிரி வச்சா இடது கால் உள்ள வர்றது, நடுக்கால் கிரவுண்டு (மைனஸ் பக்கம்), வலது கால் வெளிய போற 5 வோல்ட். நடுக்கால்ல கருப்பு ப்ரோபும் வலது கால்ல சிவப்பு ப்ரோபும் வச்சு பாருங்க, 5க்கு ரொம்ப பக்கத்துல காட்டணும். காட்டுச்சுன்னா உங்க போர்டு 5 வோல்ட் போர்டு. ஆனா புதுசா வர்ற சில மாடல், குறிப்பா மூணு பென்சில் செல் போட்டு ஓடுறது, உள்ள 3.3 வோல்ட்ல ஓடும், அதுல போய் 5 குடுத்தீங்கன்னா கருப்பு பொட்டு கதை அன்னிக்கே முடிஞ்சிரும், அது செத்தா மாத்தவும் முடியாது. அதனால எந்த போர்டா இருந்தாலும் நல்லா ஓடிட்டிருக்கும்போது சிப்புக்கு எவ்வளவு போகுதுன்னு அளந்து ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க. அந்த நம்பரைத்தான் நாம பேட்டரில இருந்து குடுக்கப்போறோம்.

7805 இருக்கறதால அப்படியே பேட்டரிய அதுக்கு குடுத்துடலாமேன்னு தோணும். வேலைக்கு ஆகாது. 7805க்கு 5 வோல்ட் வெளிய தரணும்னா உள்ள கிட்டத்தட்ட 7 வோல்ட்டாவது வரணும், ஒரு லித்தியம் செல் ஃபுல் சார்ஜ்லயே 4.2தான். 9 வோல்ட் பேட்டரி மாட்டலாம்னா, மிச்ச 4 வோல்ட்டை அது சும்மா சூடா மாத்தி காத்துல விடும், பேட்டரி காசுதான் போகும். அதனால 7805ஐ கழட்டிட்டு, அதோட வலது கால் இருந்த ஓட்டைலயே நேரா 5 வோல்ட்டும் நடு ஓட்டைல கிரவுண்டும் குடுக்கறதுதான் முறை.

கரண்ட் கதை

செல்லோட ப்ளஸ் மைனஸ் டிபி4056 போர்டுல பி ப்ளஸ், பி மைனஸ்னு எழுதின இடத்துக்கு போகும். இந்த போர்டுல ரெண்டு வகை விக்கறாங்க, ஒண்ணுல ஒரே சிப், இன்னொண்ணுல மூணு சிப். மூணு சிப் உள்ளதை மட்டும்தான் வாங்கணும், அந்த கூட இருக்கற ரெண்டும் பாதுகாப்புக்கு. ஷார்ட் ஆனா வெட்டும், செல் ரொம்ப காலியாகறதுக்கு முன்னாடி வெட்டும். அவுட் ப்ளஸ், அவுட் மைனஸ்னு தனியா ரெண்டு இடம் இருந்தா அது பாதுகாப்பு உள்ள வகை. அந்த அவுட்ல இருந்து சுவிட்ச், சுவிட்ச்ல இருந்து எம்டி3608, அங்கிருந்து கேம் போர்டு.

எம்டி3608 கைக்கு வந்த உடனே கேம் போர்டுல மாட்டிடாதீங்க. இது 28 வோல்ட் வரைக்கும் ஏத்தற சாமான், கடைல வரும்போது திருகு எந்த இடத்துல நிக்கும்னு யாருக்கும் தெரியாது. உள்ள பேட்டரிய குடுத்து, வெளிய வெறும் மீட்டரை மட்டும் வச்சு, நீல பெட்டி மேல இருக்கற பித்தளை திருகை சின்ன ஸ்குரூடிரைவரால திருப்புங்க. முதல்ல நிறைய சுத்து சுத்தியும் மீட்டர்ல ஒரு அசைவும் இருக்காது, கெட்டுப்போன பீஸ்னு தூக்கி போட்டுறாதீங்க, அது பல சுத்து திருகு, ஒரே பக்கமா சுத்திட்டே இருந்தா திடீர்னு வோல்ட் இறங்க ஆரம்பிக்கும். 5 வோல்ட் போர்டுன்னா 5.0ல நிறுத்துங்க, 3.3 வோல்ட் போர்டுக்கு இது ஆகாது, இதால வோல்ட்டை ஏத்த மட்டும்தான் முடியும். நிறுத்தின பிறகு திருகு மேல ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வச்சா பைக்குள்ள ஆட்டம் கண்டாலும் திரும்பாது.

செல்லுல நேரடியா ஈயம் வைக்காதீங்க. இதுல சமரசமே கெடையாது. லித்தியம் செல்லை சூடு பண்றது வீட்டை கொளுத்தற வேலை. ஹோல்டர் வாங்குங்க, இல்லன்னா கடைக்காரரே நிக்கல் பட்டை வெல்டு பண்ணி தர்ற செல் வாங்குங்க. பழைய லேப்டாப் பேட்டரிய உடைச்சு செல் எடுக்கறவங்களும் இருக்காங்க, எடுத்தா ஒவ்வொண்ணையும் அளந்து பாருங்க, 2 வோல்ட்டுக்கு கீழ போய் செத்து கெடந்ததை சார்ஜ் போட்டு உயிர் குடுக்க நெனைக்காதீங்க. 9900 எம்ஏஹெச்னு (செல் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்ங்கற அளவு) எழுதி விக்கற 18650 எல்லாம் பச்சை பொய், அந்த சைஸ்ல நல்ல செல்லுக்கே 3500ல இருந்து 4000 பக்கம்தான் எல்லை.

எவ்வளவு நேரம் ஓடும்னு தோராயமா கணக்கு போட்டுக்கலாம். 2600 எம்ஏஹெச் செல்லை 3.7 வோல்ட்டால பெருக்கினா சுமார் 9.6 வாட் ஹவர். கேம் போர்டும் மானிட்டரும் ஆம்ப்ளிஃபயரும் சேந்து 3 வாட் இழுக்குதுன்னு வைங்க, பூஸ்ட் போர்டு வழில கொஞ்சம் திருடும், அப்ப செல்லுல இருந்து 3.5 வாட்டாவது போகும். இரண்டரை மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல. இதுல பெரும் தின்னி மானிட்டர்தான், அதுலயும் அதோட பேக்லைட் (ஸ்கிரீனுக்கு பின்னாடி எரியற லைட்).

சார்ஜ் போட்டுக்கிட்டே ஆடலாமான்னா, இந்த டிபி4056 செட்டப்ல வேணாம். சார்ஜ் ஏறுற கரண்ட்டையும் கேம் இழுக்கற கரண்ட்டையும் அதால பிரிச்சு பாக்க முடியாது, செல் ஃபுல் ஆச்சா இல்லையான்னு குழம்பி சார்ஜை நிறுத்தாமலே இருக்கும். இந்த தொல்லையே வேணாம்னா ஒரு பழைய பவர் பேங்கை திறந்து அந்த போர்டை அப்படியே போடுங்க, சார்ஜிங், பாதுகாப்பு, 5 வோல்ட் எல்லாம் ஒரே போர்டுல முடிஞ்சிரும். புதுசா பண்றவங்களுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன். ஒரே ஒரு குணம் இருக்கு, கரண்ட் ரொம்ப கம்மியா இழுத்தா ஃபோன் இல்லன்னு நெனச்சு தானா ஆஃப் ஆயிடும், ஆனா நம்ம மானிட்டர் இழுக்கற இழுப்புக்கு அந்த பிரச்சினை வராது.

மானிட்டர்

காருக்கு செஞ்சதால இதுக்கு 12 வோல்ட் வேணும். ரெண்டு வழி இருக்கு. சுலபமான வழி, ரெண்டாவது எம்டி3608 ஒண்ணை 12 வோல்ட்டுக்கு செட் பண்ணி அதுக்கு குடுக்கறது. வேலை முடிஞ்சுது. ஆனா கொஞ்சம் யோசிச்சு பாருங்க, நாம 3.7ஐ கஷ்டப்பட்டு 12க்கு ஏத்துறோம், மானிட்டர் உள்ள போன உடனே அதை திரும்ப 5க்கோ 3.3க்கோ இறக்கிக்குது, ரெண்டு தடவை நஷ்டம். மீட்டர் கையாள தைரியம் இருந்தா ரெண்டாவது வழி, மானிட்டர் பின்மூடிய கழட்டி, சிவப்பு வயர் போர்டுல எங்க வந்து சேருதுன்னு பாருங்க, அங்க ஒரு எட்டு கால் சிப்பும் பக்கத்துல ஒரு கருப்பு காயிலும் இருக்கும், அதுதான் இறக்கற பகுதி. 12 வோல்ட் குடுத்து ஓட விட்டு, காயிலுக்கு அந்த பக்கம் என்ன வருதுன்னு அளங்க. 5 வந்துச்சுன்னா அதிர்ஷ்டம், அந்த எட்டு கால் சிப்பை எடுத்துட்டு அந்த இடத்துலயே நம்ம 5 வோல்ட்டை குடுத்துடலாம். படம் வந்து பேக்லைட் மட்டும் வரலைன்னா பேக்லைட் 12ல இருந்து நேரா எடுத்துக்கற மாடல்னு அர்த்தம், பேசாம முதல் வழிக்கே திரும்பிடுங்க. 3.3 வந்தாலும் முதல் வழிதான்.

மானிட்டர்ல ரெண்டு வீடியோ வயர் வரும். ஒண்ணு சாதாரணமா ஓடுறது, இன்னொண்ணு ரிவர்ஸ் கியர் போட்டா தானா மாறுறது. ரெண்டுல எதுல வேணா குடுக்கலாம். மஞ்ச பின்னை வெட்டிட்டு நடு கம்பிய கேம் போர்டோட வீடியோ புள்ளில, சுத்தி இருக்கற வலைய கிரவுண்டுல. வீடியோ புள்ளி எதுன்னு தேட வேண்டாம், பழைய ஏவி ஓட்டையோட நடு முனை போர்டுல எங்க போய் நிக்குதோ அதேதான்.

படம் கருப்பு வெள்ளையா வருதேன்னு சில பேர் போர்டுல இருக்கற கிரிஸ்டலை (சிப்புக்கு தாளம் போட்டு குடுக்கற சின்ன சாமான்) மாத்த பாப்பாங்க. அதுல கைய வைக்காதீங்க. நம்ம ஊர் பழைய டிவி பால் (PAL) முறை, அதாவது கலர் சிக்னல் அனுப்புற ஒரு விதம், அதுக்குன்னு வந்த போர்டுல 26.601712 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருக்கும், அதை ஆறால வகுத்தா 4.43, அதுதான் பால் கலருக்கான அலை. அமெரிக்கா ஜப்பான் முறைல 21.477 இருக்கும், ஆறால வகுத்தா 3.58. சிப்பும் கிரிஸ்டலும் ஜோடி, ஒண்ணை மட்டும் மாத்தினா ரெண்டும் கெட்டது. பெரும்பாலான கார் மானிட்டர் ரெண்டு முறையையும் தானா கண்டுபிடிச்சுக்கும், கலர் வரலைன்னா முதல்ல கிரவுண்டு வயரையும் வீடியோ வயரோட ஈயத்தையும் பாருங்க.

ரிமோட்டை வெட்டுறது

ரிமோட்ல இருந்து அஞ்சு வயர் வரும். 5 வோல்ட், கிரவுண்டு, மிச்ச மூணு பேசுறதுக்கு. கேம் போர்டு "இப்ப எந்தெந்த பட்டன் அமுங்கிருக்குன்னு பிடிச்சு வை"ன்னு ஒரு வயர்ல சொல்லும், அடுத்த வயர்ல தட்டி தட்டி கேக்கும், மூணாவது வயர்ல ஒவ்வொரு பட்டனா பதில் வரும். எட்டு பட்டனுக்கு ஒரே வயர்ல பதில் வர்றது இப்படித்தான். வயர் கலரை நம்பாதீங்க, ஒரே மாதிரி ரெண்டு ரிமோட்ல கூட கலர் மாறி இருக்கும். வெட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வயரும் சாக்கெட்ல எந்த கால்ல முடியுதுன்னு பீப் வச்சு பாத்து படம் வரைஞ்சுக்கோங்க.

ஸ்கிரீன் மேல, பட்டன் கீழன்னு பழைய கேம்பாய் மாதிரி நிக்க வச்சு பண்ணா ரிமோட் போர்டை வெட்டவே வேணாம், அப்படியே கீழ வச்சுடலாம். முதல் தடவைன்னா இதையே பண்ணுங்க. ஸ்கிரீன் நடுவுல, ரெண்டு பக்கமும் கைன்னு படுக்க வச்சு வேணும்னா போர்டை ரெண்டா வெட்டணும். ரிமோட் போர்டுலயும் ஒரு கருப்பு பொட்டு இருக்கும், அது எந்த பக்கம் இருக்கோ அந்த பாதி அப்படியே ஓடும். மத்த பாதிக்கு, அது அம்புக்குறி பக்கம்னா, மேல, கீழ, இடது, வலது, பொதுவான கிரவுண்டு, ஆக அஞ்சு வயர் போகணும். இங்கதான் பல பேர் மாட்டிக்குவாங்க, பட்டனுக்கு கீழ தெரியற கருப்பு கட்டம் கார்பன், அது மேல ஈயம் பிடிக்காது, எவ்வளவு சூடு வச்சாலும் உருண்டு ஓடிடும். அந்த கருப்பு கட்டத்துல இருந்து கிளம்பி போற பச்சை கோடு இருக்குல்ல, அதுல பிளேடு முனைய வச்சு மெதுவா சுரண்டினா பச்சை உரிஞ்சு செம்பு பளபளன்னு தெரியும், ஒரு அரிசி நீளம் தெரிஞ்சா போதும், ஃப்ளக்ஸ் தடவி, ஈயம் பூசி, மெல்லிசு வயரை வச்சு தொட்டு எடுங்க. அப்புறம் அது மேல கொஞ்சம் ஹாட் க்ளூ, இல்லன்னா வயர் இழுபட்டா செம்பு கோடே உரிஞ்சு வந்துரும். பழைய கம்ப்யூட்டர் ஹார்ட்டிஸ்க்ல வந்த தட்டை ரிப்பன் கேபிள் இதுக்கு அருமையா இருக்கும்.

அந்த ரப்பரை தொலைச்சுடாதீங்க. பெட்டில வச்சு மூடும்போது ரப்பருக்கும் போர்டுக்கும் நடுவுல சரியா பழைய ரிமோட்ல இருந்த இடைவெளியே இருக்கணும். அதனால ரிமோட்டோட மேல் மூடிய ஓரம் வெட்டி அதையே புது பெட்டில பதிக்கறதுதான் புத்திசாலித்தனம்.

கேசட்

கேசட் சொருகற ஓட்டைல 60 கால் இருக்கும், கால் இடைவெளி 2.54 மில்லிமீட்டர். அதை பின் பக்கம் அப்படியே விட்டுட்டா வேற வேற கேசட் மாத்தி ஆடலாம், ஆனா பெட்டி தடிமன் கூடும். ஒரே கேசட் போதும்னா அதோட பிளாஸ்டிக்கை கழட்டிட்டு உள்ள இருக்கற சின்ன போர்டை மட்டும் நிரந்தரமா சொருகி வச்சுடலாம், பாதி உயரம் குறைஞ்சிரும். 60 வயரும் இழுத்து தனியா வைக்கறேன்னு கிளம்பறவங்களுக்கு ஒரு விஷயம், வயர் கையகலத்துக்கு மேல நீளக்கூடாது, நீண்டா படம் சிதறும். அப்புறம் 45ம் 46ம் கால் சத்தத்துக்கானது, ஒரிஜினல் ஃபேமிகாம்ல சத்தம் ஒரு கால் வழியா கேசட்டுக்குள்ள போய் இன்னொரு கால் வழியா திரும்பி வரும். அந்த ரெண்டும் கேசட்ல சேராம விட்டுப்போச்சுன்னா கேம் ஓடும், சத்தம் மட்டும் வராது.

சத்தம்

பிஏஎம்8403க்கு 5 வோல்ட் போதும், 5.5 தாண்டினா போயிரும். ஏவி ஓட்டைல இருந்து சத்தம் ஒரே சேனல்தான் வரும், வால்யூம் திருகு வழியா ஒரு பக்கம் மட்டும் குடுங்க. முக்கியமா ஸ்பீக்கரோட மைனஸை கிரவுண்டுல சேத்துடாதீங்க, அந்த சிப் ரெண்டு முனையையும் ஓட்டுற வகை, கிரவுண்டு பண்ணா சூடாகி செத்துரும். அதே காரணத்தால ஸ்பீக்கர் வயர்லயே ஹெட்ஃபோன் ஓட்டையும் போட முடியாது.

டேபிள் மேல எல்லாம் ஓடும்போது ஸ்கிரீன்ல சாய்வா கோடு ஓடுச்சுன்னா, இல்ல ஸ்பீக்கர்ல உய்ய்னு ஒரு சத்தம் கேட்டுச்சுன்னா அது பூஸ்ட் போர்டோட வேலை. 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை கேம் போர்டோட 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல, போர்டுக்கு ஒட்டியே வைங்க, கோடு போட்ட பக்கம் கிரவுண்டு. அதுக்கும் அடங்கலைன்னா கிரவுண்டு வயரை பாருங்க, மானிட்டர்ல இருந்து ஆம்ப்ளிஃபயர், அங்கிருந்து கேம் போர்டுன்னு சங்கிலியா இழுக்காம, ஒவ்வொண்ணுல இருந்தும் தனித்தனியா பூஸ்ட் போர்டோட அவுட் மைனஸுக்கு கொண்டு வந்து சேருங்க. பாதி இரைச்சல் அங்கயே போயிரும்.

பெட்டி

3டி பிரிண்டர் கைக்கு எட்டுற தூரத்துல இருந்தா நல்லது, இல்லன்னா எலக்ட்ரிக்கல் கடைல விக்கற பிவிசி ஜங்ஷன் பாக்ஸ் பாருங்க, வெட்டவும் சுலபம், உடையவும் உடையாது. ஸ்கிரீன் அளவுக்கு பேப்பர் வெட்டி ஒட்டி, நாலு மூலைலயும் டிரில் போட்டு, ஆக்சா பிளேடால நடுவுல அறுத்து, ஓரத்தை அரத்தால தேய்ங்க. ஓட்டை கொஞ்சம் சின்னதாவே இருக்கட்டும், தேய்ச்சு பெருசாக்கலாம், பெருசானதை சின்னதாக்க முடியாது. செல்லை கை பிடிக்கற பக்கத்துல கீழ வைங்க, எடை கைல நிக்கும். செல்லுக்கு பக்கத்துல ஸ்குரூ முனை எதுவும் நீட்டிட்டு இருக்கக்கூடாது, மூடி போட்டு இறுக்கும்போது குத்திச்சுன்னா அவ்வளவுதான். சார்ஜிங் போர்டு மேல ஹாட் க்ளூ ஊத்தி மூடாதீங்க, அது சார்ஜ் ஏறும்போது நல்லா சூடாகும், காத்து வேணும். மூடறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் ஓட விட்டு விரலால எல்லாத்தையும் தொட்டு பாருங்க, விரல் வைக்க முடியாத சூடு எங்கயாவது இருந்தா மூடாதீங்க.

துப்பாக்கி வச்சு வாத்து சுடுற கேம் இதுல ஆட முடியாது, அதுக்காக ரெண்டாவது ரிமோட் ஓட்டைய மெனக்கெட்டு வெளிய இழுக்க வேணாம். அந்த துப்பாக்கி பழைய குண்டு டிவி படம் போடுற வேகத்தை நம்பி செஞ்சது, எல்சிடில எவ்வளவு சுட்டாலும் வாத்து பறந்துட்டேதான் இருக்கும். ஆனா ரெண்டு பேர் கான்ட்ரா ஆடணும்னா அந்த ஓட்டை வேணும், பக்கவாட்டுல ஒரு இடம் விட்டு வைங்க.

ரெண்டு பேர் ஆடும்போது 3.5 இன்ச் பத்தாது, டிவிக்கும் போகணும். அப்ப மஞ்ச ஓட்டைய அப்படியே இணையா மானிட்டரோட சேத்து விட்டுடாதீங்க, ரெண்டு ஸ்கிரீனும் ஒரே நேரத்துல சிக்னலை இழுத்தா ரெண்டுலயும் படம் மங்கிடும். நடுவுல மூணு கால் ஸ்லைடு சுவிட்ச் ஒண்ணு போட்டு, நடுக்கால்ல கேம் போர்டோட வீடியோ, ஒரு பக்கம் மானிட்டர், இன்னொரு பக்கம் மஞ்ச ஓட்டை. டிவில ஆடும்போது மானிட்டரோட கரண்ட்டையும் வெட்டணும்னா ஆறு கால் சுவிட்சா வாங்குங்க, ஒரு வரிசைல வீடியோ, அடுத்த வரிசைல மானிட்டரோட ப்ளஸ் வயர், பேட்டரி இன்னும் ரொம்ப நேரம் தாங்கும்.